காவலே நோயாகும் இடம்

நன்மை செய்வதற்கென்றே அமைந்த ஓர் ஆற்றல், தன் இயல்பில் சிறிதும் மாறாமல், தன் கடமையைத் தவறாது செய்துகொண்டிருக்கும்போதே அழிவுக்குக் காரணமாகக் கூடுமா என்பது சமயத் தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. தீமைக்குத் தனியே ஒரு தோற்றுவாய் உண்டு என்று கொள்ளும் மரபுகளுக்கு இவ்வினா அத்துணைக் கடினமானதன்று. நன்மையும் தீமையும் இருவேறு கைகளின் செயல் என்று அவை விடை கூறிவிடலாம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலையும் ஒரே முதல்வனிடத்தில் வைக்கும் சைவத்திற்கும், உலகம் முழுவதையும் ஒரே பரம்பொருளின் உடலாகக் காணும் வைணவத்திற்கும் அந்த எளிய விடை கிடைப்பதில்லை. தமனி நோய் பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருத்துவம் அறிந்துகொண்ட செய்திகள் இவ்வினாவை மனித உடலுக்குள்ளேயே, இரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய உறுப்பு ஒன்றின் வாழ்க்கைக்குள்ளேயே, மீண்டும் எழுப்புகின்றன. அவ்வுறுப்பு தட்டணு, பேச்சு வழக்கில் பிளேட்லெட்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இச்சொல்லை அறியாத குடும்பத்தைக் காண்பது அரிது. டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில், படுத்திருப்பவரின் பிளேட்லெட் எவ்வளவு என்பதே உறவினர் கேட்கும் முதற்கேள்வியாக இருக்கிறது. எண்ணிக்கை இறங்க இறங்க வீட்டில் அச்சம் ஏறுகிறது. நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் தேடப்படுகின்றன. அதே தெருவில், மாரடைப்பிலிருந்து மீண்டு இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நாள் தவறாமல் விழுங்குகிறார்கள். இரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரைகள் என்று மக்கள் இவற்றைச் சொன்னாலும், இவை இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைத் தடுக்கின்றன. ஒரு வீட்டில் எதன் குறைவு உயிரச்சமோ, அடுத்த வீட்டில் அதன் ஊக்கமே உயிரச்சம். இரண்டு வீட்டாரும் அஞ்சுவது ஒரே பொருளை முன்னிட்டுத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், காக்கும் பொருளும் கொல்லும் பொருளும் ஒன்றாவது எவ்வாறு என்னும் வினா ஏட்டை விட்டு இறங்கி வாழ்க்கைக்கு வந்துவிடுகிறது.

தட்டணுவின் இயல்பு

எலும்பு மச்சையில் மெகாகேரியோசைட் எனப்படும் மிகப் பெரிய செல்கள் உள்ளன. அவற்றின் உடற்பகுதி சிறு சிறு துணுக்குகளாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கும்போது தட்டணுக்கள் தோன்றுகின்றன. ஆதலால் தட்டணு முழுமையான செல் ஆகாது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் உட்கரு அதற்கு இல்லை. அதன் விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் இரண்டு மூன்று கூறுகளே. நலமுடையவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வரை வாழ்ந்து மறைய, உடல் நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி தட்டணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. இத்தாலியின் டூரின் நகரில் பணியாற்றிய ஜூலியோ பிட்சோட்சேரோ, இரத்தக் கசிவை நிறுத்துவதிலும் குழாய்க்குள் இரத்தம் கட்டுவதிலும் இத்துணுக்குகளுக்குப் பங்குண்டு என்பதை 1882இல் விளக்கினார். காயத்தை மூடுவதும் குழாயை அடைப்பதும் ஒரே உறுப்பின் வேலை என்பது, இவ்வாறு, தட்டணு பற்றிய அறிவின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

இரத்தக் குழாயின் உட்புறத்தை மெல்லிய செல் அடுக்கு ஒன்று விரிப்பாக மூடியிருக்கிறது. அவ்வடுக்கு நலமாக இருக்கும் வரை நைட்ரிக் ஆக்சைடு, பிராஸ்டாசைக்ளின் முதலிய பொருள்களைச் சுரந்து தட்டணுக்களை அமைதியாக வைத்திருக்கிறது. விரிப்பு கிழியும்போது, அதன் அடியிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் வெளிப்படுகிறது. தட்டணு அதில் ஒட்டுகிறது. வட்டத் தட்டாக இருந்தது முள்முள்ளாகக் கால் நீட்டிப் பரவுகிறது. தன்னுள் பொதிந்து வைத்திருந்த வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. அவற்றுள் ஏடிபி என்பதும், அப்போதே உண்டாக்கப்படும் திராம்பாக்சேன் என்பதும் அருகில் செல்லும் தட்டணுக்களை அழைக்கின்றன. வந்தவை மேலும் பலவற்றை அழைக்க, சில நிமிடங்களில் காயத்தின் வாய் அடைபடுகிறது. குளோபிடோகிரெல் ஏடிபியின் அழைப்பை ஏற்கும் வாயிலை மூடுகிறது. ஆஸ்பிரின் திராம்பாக்சேன் உண்டாவதற்கு வேண்டிய நொதியை முடக்குகிறது. உட்கரு இல்லாத தட்டணுவால் அந்நொதியைத் தேவையான அளவு மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாதாகையால், ஒரு முறை முடங்கியது தன் வாழ்நாள் முடிய முடங்கியே இருக்கிறது. நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதுமானதாக இருப்பதன் காரணம் இதுவே. ஆஸ்பிரின் செயற்படும் முறையை 1971இல் வெளியிட்ட ஜான் வேனும், திராம்பாக்சேன் வகைப் பொருள்களை ஆராய்ந்த சுனே பெரிஸ்ட்ரோம், பெங்ட் சாமுவேல்சன் ஆகியோரும் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அழற்சிக்குள் தட்டணு

அழற்சி என்பது காயத்திற்கோ கிருமிக்கோ உடல் ஆற்றும் எதிர்வினை. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் என்னும் நான்கையும் அதன் அறிகுறிகளாக உரோமானிய ஆசிரியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே தொகுத்துரைத்தார். கண்ணுக்குத் தெரியும் இந்நான்கிற்கும் பின்னால் நடப்பது, வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைக் கடந்து துன்புற்ற இடத்திற்குச் சென்று, அங்குள்ள கிருமிகளையும் சிதைவுகளையும் அகற்றுவதாகும். தமனித் தடிப்பு நோய்க்கும் இதற்கும் உள்ள உறவு குறித்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரு பெரும் ஆய்வாளர்கள் மாறுபட்டனர். தமனிச் சுவரில் காணப்படும் தடிப்பு, இரத்தத்திலிருந்து வந்து படிந்த உறைவே என்று வியன்னாவின் ரோக்கிடான்ஸ்கி கருதினார். அது சுவருக்குள் நிகழும் அழற்சியின் விளைவு என்று ருடால்ஃப் விர்ச்சோ வாதிட்டார். இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுப்பன போலவே நூறாண்டுக்கு மேல் தோன்றின.

அவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகத் தட்டணு பின்னர் வெளிப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரசல் ராஸும் அவருடைய குழுவினரும், தட்டணுக்கள் வெளியிடும் ஒரு பொருள் தமனிச் சுவரின் தசைச் செல்களைப் பெருகச் செய்கிறது என்பதை 1974இல் காட்டினர். புண்ணை ஆற்றுவதற்குச் செல்கள் பெருக வேண்டும். பெருக்கத்தைத் தூண்டும் அதே பொருள் தமனிச் சுவரைத் தடிக்கவும் வைக்கும். 1999இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ராஸ், தமனித் தடிப்பை ஓர் அழற்சி நோயாகவே வரையறுத்தார்.

கிளர்ச்சியுற்ற தட்டணு தன் மேற்பரப்பில் பி-செலக்டின் என்னும் புரதத்தை வெளிக்காட்டுகிறது. அதை வெள்ளணுக்கள் பற்றிக்கொள்கின்றன. 1998இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், தட்டணுவின் மீது தோன்றும் சிடி40 லைகாண்ட் என்னும் மற்றொரு புரதம், குழாயின் உள்விரிப்புச் செல்களையே அழற்சி நிலைக்குத் தூண்டுவதைக் கண்டறிந்தனர். இரத்தத்தில் சுற்றும் கிளர்ச்சியுற்ற தட்டணுக்கள், வெள்ளணுக்களை அழைக்கும் வேதிச் செய்திகளைத் தமனியின் உட்சுவரில் படியவிட்டுச் செல்கின்றன என்பதும், அதனால் தடிப்பு விரைவுபடுகிறது என்பதும் 2003இல் எலிகளில் நிறுவப்பட்டன. உள்விரிப்பு கிழியாமல், எரிச்சலுற்ற நிலையில் இருந்தாலே தட்டணு அதில் ஒட்டத் தொடங்குகிறது என்பதையும் இக்கால ஆய்வுகள் காட்டின. ஆகவே தட்டணுவை, நோயின் கடைசி நாளில் வந்து குழாயை அடைக்கும் பொருளாக மட்டும் கருதிய பழைய பார்வை போதாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் சுவருக்குள் புகுந்து மாற்றமடைவதும், அதை விழுங்கிய வெள்ளணுக்கள் நுரைச்செல்களாகத் தேங்குவதும் ஆகிய நெடிய நிகழ்ச்சியில் தட்டணு தொடக்க நாள் முதலே பங்கேற்கிறது.

இந்நிகழ்ச்சியின் நீளத்தை உணர்த்த ஒரு சான்று போதும். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைச் சோதித்து 1953இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சராசரி வயது 22ஆக இருந்த அவ்விளைஞர்களுள் 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோயின் தடம் காணப்பட்டது. ஐம்பதிலோ அறுபதிலோ ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுபவரின் நோய், அவர் நலமாக ஓடியாடிய இருபதுகளிலேயே தொடங்கியிருக்கிறது.

குற்றம் எங்கே இருக்கிறது

இவ்வளவையும் அறிந்த பின் கேட்க வேண்டியது, இந்நிகழ்ச்சியில் தட்டணு செய்த பிழை யாது என்பது. பிழை எதுவும் இல்லை என்பதே நேர்மையான விடை. விரிப்பு துன்புற்றது, தட்டணு சென்று ஒட்டியது, துணைக்கு அழைத்தது, ஆற்றும் பொருளை வெளியிட்டது. விரலில் கத்தி பட்டபோது எதைச் செய்து உயிரைக் காத்ததோ அதையே தமனியிலும் செய்தது. வேறுபாடு காயத்தில் இருக்கிறது. விரலின் காயம் ஒரு நாள் நிகழ்ந்து முடிந்துவிட்டது. புகையிலையாலும், மிகைச் சர்க்கரையாலும், உயர் இரத்த அழுத்தத்தாலும், மிகைக் கொழுப்பாலும் தமனிக்கு நேரும் துன்பம் ஒவ்வொரு நாளும் புதிதாக நிகழ்கிறது. கனரக வண்டிகள் ஓயாமல் செல்லும் சாலையில், போக்குவரத்தை நிறுத்தாமல் ஒட்டு மேல் ஒட்டாகப் போட்டுக்கொண்டே போனால் சாலை மேடாகிப் பயணத்திற்கே தடையாவது போல, ஆறுவதற்கு இடைவெளி பெறாத தமனியில் ஆற்றும் வேலையே அடைப்பாகிறது.

இங்கே இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. அழற்சி, எரிபொருள் தீர்ந்த நெருப்பைப் போலத் தானே அணைந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதை முடித்துவைப்பதும் உடல் முயன்று செய்யும் தனி வேலை என்பதை, சார்லஸ் செர்ஹானும் பிறரும் செய்த ஆய்வுகள் தெளிவாக்கின. வெள்ளணுக்களைத் திரும்பப் போகச் சொல்லும் லிபாக்சின், ரிசால்வின் முதலிய பொருள்களை உடலே உண்டாக்குகிறது. வியக்கத்தக்கது யாதெனில், லிபாக்சின் உண்டாகும் வழிகளுள் ஒன்று, வெள்ளணு பாதி செய்து தந்த பொருளைத் தட்டணு வாங்கி முடித்துத் தருவதாகும். அழற்சியைத் தூண்டும் தட்டணுவே அதை அணைப்பதிலும் பங்கு கொள்கிறது. அழற்சி நோயாக மாறுவது தொடங்கும் ஆற்றலால் மட்டுமன்று, முடிக்க வாய்ப்புக் கிடைக்காமையாலும் ஆகும்.

காவலையே ஒழித்துவிட்டால் நோயும் ஒழியும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. முன்னர் மாரடைப்புக் கண்ட 10,061 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், அழற்சியின் முக்கியத் தூதுப்பொருள் ஒன்றைத் தடுக்கும் கனாகினுமாப் என்னும் மருந்து, கெட்ட கொழுப்பைக் குறைக்காமலேயே, இதய நிகழ்வுகளை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் அம்மருந்தைப் பெற்றவர்களிடம் உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் கூடின. நோயற்ற முதியோருக்கு நாள்தோறும் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், இதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கடும் இரத்தக் கசிவு மட்டும் கூடியது. மாரடைப்புக் கண்டவருக்கு உயிர்காக்கும் மாத்திரை, காணாதவருக்குத் தீங்காகவும் கூடும். காவலை அடக்குவதற்கும் ஓர் அளவும் இடமும் காலமும் உண்டு.

மறைப்பாற்றலும் அருளாற்றலும்

தீங்காகத் தோன்றும் ஒன்றை நன்மையின் செயலாகவே காணும் முயற்சியில் சைவ சித்தாந்தம் அடைந்த மிக நுட்பமான முடிவு, திரோதாயி பற்றியது. உயிரைப் பிணித்திருக்கும் அழுக்குகளை மலம் என்று அந்நெறி கூறும். உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம், செயலின் பயனாகிய கன்மம், உலகிற்கும் உடலுக்கும் மூலமாகிய மாயை, அம்மாயையின் விளைவாகிய மாயேயம் ஆகிய நான்கோடு ஐந்தாவதாகத் திரோதாயி எண்ணப்படுகிறது. ஆனால் திரோதாயி ஒரு கட்டுப்பொருளே அன்று. அது இறைவனுடைய ஆற்றல். ஆணவம் தன் வலிமையெல்லாம் காட்டித் தேய்ந்து பக்குவப்பட வேண்டும் என்பதற்காக, இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு, அம்மலத்தைச் செயற்பட விடுகிறான். மலத்தோடு சேர்ந்து நின்று அதைச் செலுத்துவதால் அவ்வாற்றலுக்கும் மலம் என்னும் பெயர் உபசாரமாக, அதாவது உண்மையான பொருளில் அல்லாமல் சார்பு பற்றி, வழங்கப்பட்டது என்று 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவம் முதலிய ஆசிரியர் வழி வந்த மரபு விளக்குகிறது. மலம் பக்குவமடைந்ததும் மறைத்து நின்ற அதே ஆற்றல் அருளாற்றலாகப் பதிகிறது. வேறோர் ஆற்றல் வந்து அதனை வெல்வதில்லை.

தட்டணு திரோதாயியின் உருவம் என்றோ, அறிவியல் சித்தாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்றோ சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதியாகும். சித்தாந்தம் பேசுவது உயிரின் விடுதலையை. ஆய்வுக்கூடம் பேசுவது புரதங்களின் நடத்தையை. ஆயினும் அக்கோட்பாடு கற்றுத்தரும் சிந்தனை ஒழுக்கம் இங்குப் பெரிதும் பயன்படுகிறது. ஓர் ஆற்றல் எந்தச் சூழலில் தோன்றுகிறதோ அச்சூழலின் பெயரை அதற்கு இட்டு அதனைப் பகையாக்கிவிடக் கூடாது என்பதும், துன்பம் தருவதாகத் தோன்றும் ஒன்றை அதன் முழுப் பயணத்தில் வைத்து நோக்க வேண்டும் என்பதும், ஒரே ஆற்றல் மறைப்பாகவும் அருளாகவும் நிற்பதை அதன் சார்பே தீர்மானிக்கிறது என்பதும் அவ்வொழுக்கத்தின் கூறுகள். அடைபட்ட தமனியில் தட்டணு கொலையாளி என்று பெயர் பெறுகிறது. அப்பெயர் சார்பினால் வந்தது. சார்பு மாறினால், அழற்சியை முடித்துவைக்கும் கையும் அதனுடையதே.

வினையும் பொறுப்பும்

நோயைப் பற்றிய சமயச் சிந்தனையில் அடுத்து நிற்பது வினைக் கொள்கை. முன்செய்து குவித்த வினை சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்வதற்கு வந்த பகுதி பிராரத்தம். நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். பல்லாண்டுகளாகச் சேர்ந்து ஒரு நாள் வெளிப்படும் தமனி நோய், இப்பாகுபாட்டிற்கு இயல்பாகவே பொருந்துவது போலத் தோன்றுவதால், மாரடைப்புக் கண்டவரைப் பார்த்து, எந்த வினையோ என்று உறவினர் பெருமூச்சு விடுவது வழக்கமாகிவிட்டது. அப்பெருமூச்சு, துன்புற்றவர் மீது குற்றத்தையும் சேர்த்து ஏற்றிவிடுகிறது.

திருச்செங்கோட்டில் தம் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது திருஞானசம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். வினையின் பயன் இது என்று மட்டும் சொல்லி அமைந்துவிடுபவர்களை நோக்கி, உய்யும் வழியை நாடாதிருப்பது குறைபாடல்லவா என்று வினவும் கருத்தோடு அப்பதிகம் தொடங்குகிறது. வினைக் கொள்கையை முழுமையாக ஏற்ற மரபே, அதனைச் செயலின்மைக்குச் சாக்காக்குவதை இவ்வாறு கண்டித்திருக்கிறது. அக்கொள்கையின் உயிர்நாடி ஆகாமியத்தில் இருக்கிறது. இனிச் செய்வது என்ன என்று கேட்பதற்காகவே அது வகுக்கப்பட்டது எனலாம்.

இனிச் செய்வது யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. தி.நகரிலும் திருமங்கலத்திலும் நடத்தப்பட்டு 2001இல் வெளியான சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு, ஆய்வுக்கு உட்பட்டோருள் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருப்பதையும், நீரிழிவு உடையவர்களிடம் அது ஏறத்தாழ இருமடங்காக இருப்பதையும் காட்டியது. நீரிழிவில் தட்டணுக்கள் எளிதில் கிளர்ச்சியுறுகின்றன என்பது நன்கு அறியப்பட்டதே. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வும் அதன் தொடர்ச்சியும், புகைத்தல், கொழுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மனவழுத்தம் முதலிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்புகளில் பெரும்பாலானவற்றை விளக்கிவிடுகின்றன என்பதையும், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைக் காட்டிலும் ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதையும் கண்டன. இக்காரணங்களுள் சில தனிமனிதரின் கையில் இருக்கின்றன. பல அவ்வாறு இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்திலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் வாழ்பவர், தாம் மூச்சில் இழுக்கும் காற்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. நுண்துகள் நிறைந்த காற்று உடலெங்கும் அழற்சியைத் தூண்டி, தட்டணுக்களை எளிதில் திரளச் செய்கிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியத் தரநிலை 40 வரை இடம் தருகிறது. இரவுப்பணியும், உறக்கக் குறைவும், மலிவாகக் கிடைக்கும் எண்ணெய்ப் பண்டமும் இவ்வாறே ஒரு சமூகம் சேர்ந்து செய்தவை. பலர் செய்ததை ஒருவர் நுகர்வதை அவருடைய தனிவினை என்று பெயரிட்டு ஒதுக்குவது, வினைக் கொள்கையின் நீதி உணர்வுக்கே மாறானது.

முடிவுற்ற பணி

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. இதய நோயால் வருந்துபவர்கள் நாடி வரும் இக்கோயிலின் வரலாறு பூசலார் நாயனாரைப் பற்றியது. அதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் பூந்தமல்லிக்கு அருகிலேயே இருக்கிறது. கோயில் எழுப்பப் பொருள் கிடைக்காத பூசலார், அதை மனத்திலேயே எழுப்பத் துணிந்தார். கருவியும் கல்லும் தச்சரும் எண்ணத்தில் வந்து சேர, அடித்தளம் முதல் சிகரம் வரை ஒவ்வோர் உறுப்பையும் உரிய முறையில் அமைத்து, குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய எண்ணியிருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று பூசலாரின் கோயிலுக்குள் புகவிருப்பதாகச் சொல்லி, அவனுடைய விழாவைத் தள்ளி வைக்கச் செய்தான் என்பது வரலாறு. அக்கற்றளி கயிலாசநாதர் கோயில் என்றும், மன்னன் இராசசிம்மன் என்றும் கொள்வர்.

நோயுற்றோர் இவ்வரலாற்றிலிருந்து நம்பிக்கை பெறுகிறார்கள். அதற்கு அப்பாலும் இதில் ஒரு படிப்பினை உண்டு. வெளியே எவருக்கும் புலப்படாமல், அகத்தில் நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழும் வேலை, ஒரு நாள் முழு உருவத்தோடு வெளிப்படுகிறது. பூசலாரின் பணியும் தமனியின் தடிப்பும் இவ்வகையில் ஒத்தவை. ஆனால் பூசலாரின் பணிக்குக் குடமுழுக்கு என்னும் நிறைவு இருந்தது. ஒவ்வோர் உறுப்பும் முடிந்த பின்னரே அடுத்தது எழுந்தது. தமனியில் நிகழும் ஆற்றும் பணிக்கு அந்நிறைவு கிடைப்பதில்லை. அகத்தில் நிகழும் எந்த வேலையும் அது அகத்தில் நிகழ்வதால் மட்டும் தூயதாகிவிடாது. முறையும் முடிவும் உடையதாக இருக்கும்போதே அது கோயிலாகிறது.

எதிர்பாரா இறுதி

தமனித் தடிப்பின் மேல்தோல் ஒரு நாள் வெடிக்கும்போதோ தேயும்போதோ, உள்ளிருக்கும் பொருளைத் தட்டணுக்கள் காயம் என்றே கொள்கின்றன; திரண்டு மூடுகின்றன; மூடும்போது குழாயும் அடைபடுகிறது. இதய நோய் எழுப்பும் கடைசிச் சமய வினா இங்கேதான் பிறக்கிறது: இறுதி மூச்சில் இறைவனை நினைக்கவும் அவகாசம் பெறாமல் விழுபவரின் கதி என்ன? இதற்குப் பூந்தமல்லி மண்ணோடு தொடர்புடைய விடை ஒன்று வைணவத்தில் உண்டு. அவ்வூரில் பிறந்து, காஞ்சி வரதராசருக்கு விசிறி வீசும் ஆலவட்டத் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பிகள், இராமானுசரின் ஐயங்களைப் பெருமாளிடம் விண்ணப்பித்துப் பெற்றுத் தந்த ஆறு விடைகளுள், சரணடைந்தவருக்கு இறுதி நேர நினைவு கட்டாயமன்று என்பதும் ஒன்றாகப் போற்றப்படுகிறது. வாழ்ந்த காலமெல்லாம் சேர்ந்து நின்ற அன்பை, உடல் தளர்ந்த ஒரு கணத்தின் மறதி அழித்துவிடாது என்பது அதன் உட்பொருள். திடீரெனத் தந்தையையோ துணையையோ இழந்த குடும்பங்களுக்கு இதைக் காட்டிலும் பெரிய ஆறுதலைத் தத்துவம் தருவது அரிது.

அவ்வாறுதல், தவிர்க்கக்கூடிய சாவைத் தவிர்க்காதிருப்பதற்கு அனுமதி ஆகாது. நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது. அம்மூன்றில் இரண்டு தட்டணுக்களை அடக்குவதற்கானவை. 17,187 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு, மாரடைப்பின்போது கொடுக்கப்படும் ஆஸ்பிரின் முதல் ஐந்து வாரங்களின் இறப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. ஊர்ப்புறத்துச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரைக்குப் பின்னால் அவ்வறிவு நிற்கிறது. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், விரதம் என்றோ வேண்டுதல் என்றோ கருதி, மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளை நிறுத்துவது, அடைப்பை மீண்டும் வரவழைக்கும் ஆபத்துடையது. மாத்திரையை விழுங்குவதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை. உய்யும் வழியை நாடுவதே அது.

நன்மையின் ஆற்றல் தீமைக்குக் காரணமாகக் கூடுமா என்னும் வினாவிற்கு, தட்டணு தரும் விடை தெளிவானது. கூடும், ஆனால் அதற்கு அவ்வாற்றல் கெட்டுப்போக வேண்டியதில்லை, அதன் பணி முடிவடைய விடாமல் அதனை ஓயாது அழைத்துக்கொண்டிருந்தாலே போதும். எனவே அறத்தின் நோக்கு, காவலைத் தண்டிப்பதிலும் நோயாளியைப் பழிப்பதிலும் செல்லாமல், ஓயாத அழைப்பை எழுப்பும் காரணங்களின் மீது செல்ல வேண்டும்: புகையிலையின் மீதும், கவனிக்கப்படாத நீரிழிவின் மீதும், மூச்சிழுக்கும் காற்றின் மீதும், உறங்க விடாத வேலை முறையின் மீதும். காயப்படுத்துவதை நிறுத்திக்கொள்ளும் பொறுப்பை மனிதர் ஏற்றால், ஆற்றும் வேலையை முடித்துக்கொள்ளும் அறிவு உடலுக்கு முன்னமே அருளப்பட்டிருக்கிறது.